கொசுறுத் தண்ணீர்

தண்ணீர் குறையவில்லை.

காலையில் பல்கூடத் தேய்க்காமல் மீன்தொட்டியின் முன்னால் வந்து நின்ற டைல்ஸ் வியாபாரி முதலில் கவனித்தது அதைத்தான். மட்டம் பார்ப்பதற்காகக் கண்ணாடியின் ஓரத்தில் அவர் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பின் மேல் விளிம்பில், நேற்று ஊற்றி நிறுத்திய அதே இடத்தில், தண்ணீர் அப்படியே நின்றது.

கடல்நீர்த் தொட்டி என்பது வீட்டோடு வந்து தங்கிவிட்ட மாமியார் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார் அவர். சூடு கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். உப்பு ஏறினாலும் முகம் சுருங்கும், இறங்கினாலும் முகம் சுருங்கும். எதையும் திடீரென்று மாற்றிவிடக் கூடாது. மேலே எரிகிற விளக்கின் சூட்டிலும் பம்ப் கிளப்புகிற அலையிலும் ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடைத் தண்ணீர் ஆவியாகிப் போகும். போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். போன அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரை ஊற்றி ஈடுகட்டாவிட்டால் பவளம் சுருங்கும், வெளுக்கும், ஒரு வாரத்தில் வெறும் சுண்ணாம்பாகிவிடும். அதற்காகவே தொட்டியின் பக்கத்தில் ஒரு குடமும் குவளையும் வைத்திருந்தார். குடம் வைத்தது வைத்தபடி இருந்தது.

“நீ ஏதாவது தண்ணி ஊத்துனியா?” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

“உங்க தொட்டிய நான் தொட்டா பிரளயம் வந்துடும்னு சொன்னது யாரு?” என்றாள் மனைவி.

“மட்டம் அப்படியே இருக்கேன்னு கேட்டேன்.”

“இருந்தா நல்லதுதானே. ஒரு வேலை மிச்சம்.”

மறுநாளும் குறையவில்லை. அதற்கடுத்த நாளும். உப்பளவு பார்க்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே தெரிந்த கோடு இம்மி நகரவில்லை. சூடும் அப்படியே. பவளங்கள் முன்னெப்போதும் இல்லாத மாதிரி கொழுத்து விரிந்திருந்தன. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவருடைய அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடி அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: உழைக்காமல் உனக்கு லாபம் வந்தால் எங்கேயோ ஒருவனுக்கு நஷ்டம் என்று அர்த்தம், அந்த ஒருவன் நீயே இல்லையே என்று ஒரு தடவை பார்த்துக்கொள்.

தொட்டியை அவர் வாங்கியது ஒரு பல் டாக்டரிடம். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார் டாக்டர். கூடத்தில் அட்டைப்பெட்டிகள், சுவரோரம் ஒரு சின்ன சைக்கிள். டாக்டரைத் தவிர ஆள் அரவம் இல்லை. ஜன்னல் கண்ணாடிகளில் வெள்ளைப் பொருக்கு படர்ந்து, உள்ளே வந்த வெளிச்சம் நீர்த்த மோர் மாதிரி இருந்தது. வீடு முழுக்க, கடல் பின்வாங்கிய கரையில் அடிக்கும் அந்தக் கவுச்சி வாடை. வியாபாரி அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார், பேரத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று. டாக்டர் உடனே தலையாட்டிவிட்டார். அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். பேசாமல் விட்டுக்கொடுக்கிறவனைக் கண்டால் பொருளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது சந்தையில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். ஆனால் காய் வாங்கினால் கொத்தமல்லி கேட்டே பழகிய கை, சும்மா இருக்குமா?

“இந்தத் தண்ணியும் சேர்த்துத்தான் சார் பேச்சு,” என்றார்.

டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “தண்ணி வேண்டாம். கல்லு, பவளம், மீனு எல்லாம் எடுத்துக்கோங்க. தண்ணிய நான் வடிச்சுடறேன்.”

“பழகுன தண்ணி சார். புதுத் தண்ணில விட்டா பாதி செத்துப்போகும். கொசுறுன்னு நெனச்சுக் குடுங்களேன்.”

“வேண்டாம்னு சொல்றேன்ல.”

மறுக்கிற இடத்தில்தான் மதிப்பு ஒளிந்திருக்கும். வியாபாரியின் மூக்கு அதை மோப்பம் பிடித்துவிட்டது. தண்ணீர் இல்லாவிட்டால் தொட்டியே வேண்டாம் என்று எழுந்து செருப்பைத் தேடினார். டாக்டர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே இருக்கும் யாரிடமோ உத்தரவு கேட்கிற மாதிரி. பிறகு கேட்டார்: “உங்க வீட்ல எத்தனை பேர்?”

“நான், வீட்டுக்காரி, ஒரு பொண்ணு.”

“பகல்ல நீங்க வீட்ல இருப்பீங்களா?”

“அப்புறம் கடைய யாரு சார் பாக்கறது?”

“நானும் அப்படித்தான்,” என்றார் டாக்டர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எடுத்துக்கோங்க.”

பின்பக்கக் கல்லில் இரண்டு பவளங்கள் அருகருகே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. வெளிர் நிறம், சதைப்பற்று, விரல்விரலாகப் பிரிந்து நீரோட்டத்தில் ஆடும் உருவம். பெரியதில் ஒரு விரலின் அடியில் மட்டும் மோதிரம் கிடந்த தடம்போல வெளுத்த வளையம். இது என்ன ஜாதி என்று கேட்டதற்கு, “அது வாங்குனதில்ல” என்று மட்டும் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார் டாக்டர்.

வியாபாரி கிட்டே போனால் அவை இரண்டும் மூடிக்கொள்ளும். மகள் போய் நின்றால் விரியும். குண்டுக் கன்னமும் ஓயாத உருளலுமாகத் திரிகிற அவளுக்கு வீட்டில் பட்டாணி என்று பெயர். “என்னைப் பார்த்து டாட்டா காட்டுதுப்பா,” என்பாள்.

அந்த வாரக் கடைசியில் பட்டாணியின் நச்சரிப்புக்காக ஒரு கோமாளி மீன் வாங்கி வந்தார். கடைக்காரன் கொடுத்த பிளாஸ்டிக் பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டார். மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தொட்டி விளக்கை அணைத்தார். மெல்லிய டியூப் ஒன்றில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் பைக்குள் சொட்டுச் சொட்டாக விழும்படி வைத்தார். பட்டாணி மோவாயைக் கையில் தாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் நகப்பூச்சை எடுத்து விரல்களுக்கெல்லாம் பச்சை அடித்திருந்தாள். சுண்டுவிரலுக்கு வரும்போது குப்பி தீர்ந்துவிட்டதாம். அது மட்டும் வெறுமையாக இருந்தது.

“ஏன்ப்பா இவ்ளோ மெதுவா? அப்படியே உள்ள விட்டுடலாம்ல?”

“விட்டா செத்துடும். அது இருந்த தண்ணி வேற, இது வேற. உடம்பு பழகணும்.”

“பழகறது அதுக்குத் தெரியுமா?”

“தெரியக் கூடாது. தெரிஞ்சா மிரண்டுடும். அதான் லைட்ட அணைச்சு வச்சிருக்கோம்.”

“பழகுனதுக்கு அப்புறம்?”

“சொட்டறத நிறுத்திட்டு, மீனை மட்டும் உள்ள விட்டுடுவோம். பையத் தூக்கிப் போட்டுடுவோம்.”

“பை பாவம்,” என்றாள் பட்டாணி. அவர் சிரித்தார்.

சொட்டுகிற சத்தம் அன்று இரவுச் சாப்பாட்டின்போதும் கேட்டது. மீனைத் தொட்டிக்குள் விட்டு, டியூபைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டிய பிறகும்.

குளியலறைக் குழாயை இறுக்கினார். சமையலறைக் குழாயை இறுக்கினார். சத்தம் நிற்கவில்லை. இந்த அறையில் நின்று கேட்டால் அடுத்த அறையில் கேட்டது. அடுத்த அறைக்குப் போனால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. அவசரமில்லாத, அளந்து விடுகிற சொட்டு. மனைவியிடம் கேட்டால், “என்ன சத்தம்?” என்றாள். சாப்பாடு வாயில் வைக்க முடியாத உப்பு. அவர் துப்பினார். மனைவியும் மகளும் மாறி மாறி அவரைப் பார்த்தார்கள். “சப்புனுதானே இருக்கு,” என்று பட்டாணி இன்னும் கொஞ்சம் உப்பு போட்டுக்கொண்டாள். மதியம் கடையிலேயே சாப்பிட்டு, கடைக்கு வரும் கேன் தண்ணீரையே குடித்து, பொழுது சாய்ந்தபின் வீட்டுக்கு வருகிறவருக்கு இந்த வீட்டின் ருசி எப்போது மாறியது என்று எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு அவர் கண்ணில் ஒவ்வொன்றாகப் பட ஆரம்பித்தது. கதவுக் கீல்களில் வெள்ளைப் பூ பூத்திருந்தது, விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. மர ஜன்னல்கள் ஊதிப்போய்த் திறக்க மறுத்தன. வெளியே காயப்போட்ட துணி ஈரமாகவே இருந்தது. உள்ளே ஈரத்தோடு தொங்கிய துண்டோ அப்பளம்போல் விறைத்துக் கிடந்தது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியை எதேச்சையாகப் பார்த்தவர், திரும்பித் தொட்டிக்குள் இருந்ததைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எண். ஏ.சி.யைக் கூட்டினார், குறைத்தார், அணைத்தார். அறை அதே எண்ணிலேயே நின்றது. வீட்டு விளக்குகள் நாளுக்கு நாள் மங்கின. பல்பு மாற்றினால் புதுப் பல்பும் அதே மங்கலில் எரிந்தது. உணவு போடும்போது மட்டும் அவர் பக்கம் திரும்புகிற மீன்கள் இப்போது எந்நேரமும் ஒரே திசையைப் பார்த்து நின்றன. பட்டாணியின் அறை இருக்கிற திசை.

தொட்டிக்கு உப்பு வாங்குகிற கடைக்காரருக்கு போன் செய்தார்.

“தண்ணி குறையலையா?” அந்தப் பக்கம் சிரிப்பு. “அண்ணே, ஊரெல்லாம் குறையுதுன்னு அழுவாங்க, நீங்க குறையலைன்னு அழறீங்க. நாலு பேர்கிட்டச் சொல்லிடாதீங்க, என் பொழப்புல மண் விழுந்துடும்.”

“விளையாடாதப்பா. பல் டாக்டர்கிட்ட வாங்குன தொட்டி இது.”

சிரிப்பு நின்றது. “கல்லும் மீனும்தானே வாங்குனீங்க?”

“தண்ணியும் சேர்த்து.”

“அவரா குடுத்தாரு?”

“நான்தான் கேட்டு வாங்குனேன்.”

“அவரு சம்சாரமும் பையனும் ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு அண்ணே. எந்த ஊருன்னு கேட்டா ஒரு நாளும் சொன்னதில்ல. ஆனா நல்ல தண்ணி மட்டும் தினமும் வாங்கிட்டுப் போவாரு. ஒரு நாள் தவறினதில்ல.” பிறகு குரலைத் தாழ்த்தி, “வடிச்சுடுங்க அண்ணே,” என்றார். “பவளம் போனாப் போகுது.”

மறுநாள் ஞாயிறு. மதியமே வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. மனைவி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பட்டாணி அவள் அறையில் படுத்திருந்தாள். இரண்டு நாளாகவே எந்நேரமும் படுக்கைதான். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கேட்டால் சிரிக்கிறாள். அவளுடைய கை அவர் கையில் பட்டபோது வழுக்கியது.

பவளத்தின் விலை ஒரு கணம் மனதில் ஓடத்தான் செய்தது. பிறவிக் குணம். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, டியூபின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் விட்டு, மறு நுனியை வாயில் வைத்து உறிஞ்சி, வாளிக்குள் விட்டார். வாளி நிறைந்தது. குளியலறையில் கொட்டினார். மறுபடி வைத்தார். கொட்டினார். மட்டம் அசையவில்லை. அடுத்த வாளி நிறையும்போது தண்ணீர் டேப்பைவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு. பின்பக்கக் கல்லின் உச்சி வெளியே தெரிந்தது. அந்த இரண்டு பவளங்களும் மூடிக்கொள்ளவில்லை. முழுசாக விரிந்து, விரல்களைக் கண்ணாடியின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. வேண்டாம் என்கிற மாதிரி. அல்லது சீக்கிரம் என்கிற மாதிரி.

அப்போது சமையலறையில் பாத்திரம் விழுந்தது.

அதன் பிறகு வேறு ஒரு சத்தம். சளப். சளப். ஈரமான ஒன்று தரையில் அடித்துக்கொள்கிற சத்தம். மீன் வாங்கப் போகிற எல்லோருக்கும் தெரிந்த சத்தம்.

ஓடினார். மனைவி தரையில் கிடந்தாள். வாய் திறந்தது, மூடியது, திறந்தது. குரல் இல்லை. கண் இமைக்கவில்லை. உள்ளறையில் கட்டில் அதிர்ந்தது. பட்டாணியின் உடம்பு வில்லாக வளைந்து, எழும்பி, விழுந்தது. எழும்பி, விழுந்தது. கன்னம் நீலம்.

ஓடி வந்து டியூபைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வாளியைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தார். போதவில்லை. குடத்தைக் கவிழ்த்தார். டேப்புக்கு இன்னும் ஒரு நூல் குறைந்தது. குவளை. இன்னொரு குவளை. மட்டம் டேப்பைத் தொட்டது.

சத்தம் நின்றது.

“என்னங்க இது, கூடமெல்லாம் தண்ணி?” மனைவி சமையலறை வாசலில் புடவையை உதறியபடி நின்றாள். “தொட்டியக் கழுவறீங்களா, இல்ல வீட்டைக் கழுவறீங்களா?”

அவர் நேராகப் போய்ப் பட்டாணியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, “கெளம்பு, அக்கா வீட்டுக்குப் போலாம். இப்பவே,” என்று தெருக்கதவைத் திறந்தார். மழைக் காற்று முகத்தில் அடித்தது. ஒரு காலைத்தான் வெளியே வைத்தார். தோளில் கிடந்த உடம்பு துள்ளியது. சின்ன வாய் அவர் காதோரம் திறந்து மூடியது. மூச்சு வரவில்லை. காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மூச்சு வந்தது.

கதவைச் சாத்தினார்.

“என்ன இது, எங்க போகப்போறோம்?” என்று மனைவி கேட்டாள், சிரித்துக்கொண்டே. “இங்கயே நல்லாத்தானே இருக்கு.” பட்டாணியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். அவள் பாதம் பட்ட இடமெல்லாம் ஈரம்.

“லைட்ட அணைங்கப்பா,” என்றது உள்ளேயிருந்து பட்டாணியின் குரல். “கண்ணு கூசுது.”

அவர் அணைக்கவில்லை. சுவிட்சின் மேல் கையை வைத்துக் காவல்போல நின்றார். விளக்கு தானாக மங்கியது. இன்னும் மங்கியது. அணைந்தது. கூடத்து விளக்கு. சமையலறை விளக்கு. தொட்டி விளக்கு.

பம்ப் சத்தமும் இல்லை. மழைச் சத்தமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. தடித்த பிளாஸ்டிக் வழியாகப் பார்ப்பதுபோல் கலங்கலாக, சுருக்கம் சுருக்கமாக.

சொட்டு மட்டும்.

சொட்டு.

சொட்டு.

அவர் அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தார். காதைத் தீட்டிக்கொண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு. விழட்டும். இன்னும் ஒன்று விழட்டும். இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். விழட்டும்.

விழவில்லை.

“பட்டாணி?”

அறைக்குள் போனார். கட்டிலில் இரண்டு உடுப்புகள். புடவை, ரவிக்கை. பூப்போட்ட சின்ன கவுன். உப்பில் விறைத்து, தோளும் இடுப்பும் மடங்கிய முழங்காலும் அப்படியே இருந்தன. ஒன்றை ஒன்று அணைத்தபடி. புடவையின் ஓரத்தைத் தொட்டார். பொரபொரவென்று உதிர்ந்தது.

கூடத்தில் நீல வெளிச்சம் எரிய ஆரம்பித்தது.

விடியும்வரை அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கட்டிலின் காலடியில், தூக்கியெறிந்த பையைப்போலச் சுருண்டு கிடந்தார். ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது. காற்று உலர்ந்து, லேசாக, எல்லார் வீட்டுக் காற்றையும்போல வந்தது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். குழாயில் பிடித்துக் குடித்த தண்ணீரில் உப்பில்லை.

பிறகு எழுந்து போய்த் தொட்டியின் முன்னால் நின்றார்.

முன்பக்கக் கல்லில், பழைய இரண்டிலிருந்து சற்றுத் தள்ளி, நேற்று இல்லாத இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறியதில் ஐந்து விரல்கள். நான்கின் நுனி பச்சை. சுண்டுவிரல் வெறுமை. அவர் கிட்டே போனார். அது மூடிக்கொள்ளவில்லை. மெல்ல விரிந்தது. இப்படியும் அப்படியுமாக ஆடியது.

அவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார்.

தண்ணீர் குறைந்திருந்தது. கறுப்பு டேப்புக்குக் கீழே, சரியாக ஒரு விரற்கடை.

குடத்தில் நல்ல தண்ணீர் பிடித்து வந்து, குவளையில் மொண்டு, கண்ணாடியின் ஓரமாகச் சாய்த்து ஊற்றத் தொடங்கினார். மெதுவாக. ஒரு துளி கூடிவிடாமல். ஒரு துளி குறைந்துவிடாமல்.